தொட்டுக்கச் சோறு

கும்மிடிப்பூண்டியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம் எந்தச் சேதியைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும். "தொட்டுக்க இன்னா?"

கொரோனா ஓய்ந்து கம்பெனிகள் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய சமயம். தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து பெட்டியும் ஸ்டவ்வுமாக வந்து அவர்கள் வீட்டு மாடியில் இறங்கினேன். பெயர் என்ன, சம்பளம் என்ன என்றுகூட அந்தம்மா கேட்கவில்லை. மாடிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ராத்திரிக்கு இன்னா பண்ணப்போற?" என்றார்.

"தயிர்சாதம்மா."

"தொட்டுக்க இன்னா?"

"ஊறுகாய் பாக்கெட் இருக்கு."

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஊறுகாயெல்லாம் தொட்டுக்கிறதுல சேத்தியா பாப்பா? அது நாக்குக்கு வைக்கிற பொட்டு. கருவாடு துன்னுவியா மாட்டியா, அத்தச் சொல்லு மொதல்ல." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழே போய், வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்த நெத்திலியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் கருவாடு வாசலைத் தாண்டியதில்லை. அன்று நான் கிண்ணத்தை வழித்துத் தின்றதை என் அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பாள். இன்றுவரை சொல்லவில்லை.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. அரிசியும் தண்ணீரும் அடுப்பும் சேர்ந்தால் சோறு தானாக ஆகிவிடும். அதில் மனிதர் செய்ய ஒன்றுமில்லை. தொட்டுக்கொள்ள என்ன வைத்திருக்கிறாள் என்பதில்தான் ஒருத்தியின் கையும் மனசும் தெரியும். "சோறு போட்டாங்கன்னு எவனும் வெளியில சொல்லமாட்டான் பாப்பா. அந்த ஊட்ல எறா தொக்கு வச்சாங்கன்னுதான் சொல்லுவான்." இதைச் சொல்லும்போது விரலை ஆட்டுவார். பழவேற்காட்டு எறால் ஓட்டு வாசனை அந்த விரலில் எப்போதும் இருக்கும்.

ஆடி மாதம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அண்டாவின் பக்கம் நிற்கத்தான் எல்லாருக்கும் ஆசை. கரண்டி பிடித்தவருக்குத்தானே மரியாதை. அந்தம்மா அண்டாப் பக்கமே போகமாட்டார். ஓரமாக ஒரு முறத்தில் உரித்த சின்ன வெங்காயமும் மாங்காய்ப் பத்தையும், பக்கத்திலேயே ஒரு குண்டானில் முருங்கைக்கீரைப் பொரியலுமாக உட்கார்ந்துவிடுவார். தொட்டுக்க வாங்காமல் நழுவுகிறவர்களை விடமாட்டார். "தோ பாரு, வெறுங்கூழ வாங்கிகினு ஓடுறான். ஆத்தா ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போவியா? இங்க வா நைனா." ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அவருக்குச் சின்னப் பையனும் நைனா, பஞ்சாயத்துத் தலைவரும் நைனா.

கேள்வி சோற்றோடு நிற்கவில்லை. எனக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆவடியில் வேலை, செவ்வாப்பேட்டையில் சொந்த வீடு, ஒரே பிள்ளை என்று என் அம்மா போனில் சொன்னதைக் கீழே போய் அப்படியே ஒப்பித்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அதெல்லாம் சோறு. தொட்டுக்க இன்னா?" என்றார்.

"புரியலைம்மா."

"வேலை, ஊடு எல்லாம் வயிறு ரொம்பறதுக்கு. வாய்க்கு இன்னா கீது? பேசுவானா? நாலு வார்த்த சொன்னா சிரிப்பானா? ரெயில்ல நின்னுகினே வந்து, ஊட்ல மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்தினான்னா, அந்தச் சொந்த ஊட்ட வச்சிகினு நீ இன்னா பண்ணுவ?"

நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே அந்த மனிதருக்கு நானே போன் போட்டு, "உங்ககிட்ட தொட்டுக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். "என்னது?" என்றார். அப்புறம் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். இப்போது நான் செவ்வாப்பேட்டையில் இருக்கிறேன்.

ஊரையெல்லாம் இப்படிக் கேட்டவர் தனக்கு எதைத் தொட்டுக்கொண்டார் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் துணி காயப்போட இறங்கியபோது பின்வாசல் வழியாகப் பார்த்தேன். புருஷனுக்குப் போட்டு, போர் போட வந்த ஆட்களுக்குப் போட்டு, எனக்கும் ஒரு கிண்ணம் மேலே அனுப்பிவிட்டு, காலியான கடாயில் ஒரு பிடி சோற்றைக் கொட்டி, ஒட்டியிருந்த தாளிப்பையும் அடிப்பிடித்ததையும் துடைத்துத் துடைத்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதான் பாப்பா ருசி" என்றார். ருசிதான், யார் இல்லை என்றது? என் அம்மாவும் அப்படிச் சாப்பிட்டவள்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தம்மா மேலா, கடாய் மேலா என்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்காரரை ஊரே டிரைவர் என்றுதான் கூப்பிடும். கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். எளாவூர் செக்போஸ்ட் வரிசையிலேயே தன் பாதி ஆயுசு போய்விட்டது என்பார். ஒரே மகளைச் சூளூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. எந்த ஊருக்கு வண்டி போகிறதோ அந்த ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் தின்பதுதான் டிரைவருக்கு அழகு என்பது அவர் பெருமை. ஆனால் அந்தப் பெருமையெல்லாம் ரோட்டில்தான். வீட்டுக்கு வந்தால் தட்டில் சோறு குன்று மாதிரி இருக்க வேண்டும். அந்தம்மா கரண்டியால் உச்சியில் குழி பறித்துக் குழம்பு ஊற்ற வேண்டும். போதும் என்று சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வீட்டுச் சட்டம் அது. எனக்கே முதல் முறை சொல்லத் தெரியாமல் வயிறு வெடித்துவிட்டது.

மெக்சிகன் ரைஸ் என்னால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வீடியோ பார்த்து எதையாவது சமைத்துக் கெடுப்பது என் பொழுதுபோக்கு. அன்று பாசுமதியைக் கழுவி வடியவைத்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பூண்டும் வெங்காயமும் தக்காளியும் அரைத்த விழுதைக் கொட்டி, சீரகப்பொடி தூவி மூடிவைத்தேன். வாசனை படியிறங்கிப் போயிருக்க வேண்டும். அந்தம்மா மேலே வந்துவிட்டார்.

"அரிசிய வறுத்தியா? பொரி கடையா வச்சிகீற?"

"மெக்சிகன் ரைஸ்மா."

"சரி. தொட்டுக்க இன்னா?"

"இதுவே தொட்டுக்கத்தான்மா. அந்த ஊர்ல இது சைட் டிஷ்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு தொட்டுக்கவா? அப்ப சோத்துக்கு இன்னா துன்றாங்க?"

"சோறுன்னு தனியா இல்லை. பீன்ஸ், கறி, மீன் அதெல்லாம்தான் நடுவுல. இது ஓரமா ஒரு கரண்டி."

படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சோத்தத் தொட்டுகினு பீன்ஸ் துன்றான்! மாப்பிள்ளையத் தொணைக்கு நிக்கவச்சிட்டு தோழன் தாலி கட்டுற கதையா கீதே!" ஆனால் ஒரு வாய் தின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பீட்சாவோடு வந்த பொட்டலத்தில் மிச்சம் பிடித்த காய்ந்த இலையை நான் தூவியிருந்தேன். அதை முகர்ந்து பார்த்து, "இதுக்கு எதுக்குப் பொட்டலம்? நம்ம ஓமவல்லி போதும்" என்று படியோரத் தொட்டியிலிருந்து இரண்டு இலை கிள்ளிக் காட்டினார். அவர் சொன்னது சரி. அடுத்த வாரம் அதையே நறுக்கிப் போட்டேன், முன்னைவிட நன்றாக இருந்தது.

அந்த வருஷம் டிரைவர் காலில் செருப்பு ஆணி குத்தியது. கட்டைவிரல் ஓரத்தில் சின்னப் புண். ஆறவில்லை. திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இனிமேல் காய் நிறைய, சோறு கொஞ்சம். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் நயமாகத்தான் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அந்தம்மா ஒரு டம்ளரில் சோற்றை அளந்து தட்டில் கவிழ்த்தார். மாடியில் இருந்த எனக்கே டிரைவரின் சத்தம் கேட்டது. "அளந்து போடறியா? இன்னா, ஜெயிலா இது? இவ்ளோ வருசம் வண்டி ஓட்டி இந்த ஊட்டக் கட்டினவனுக்கு டம்ளர் சோறா?" தட்டைத் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு ஹைவே ஓட்டலுக்குப் போய் அளவுச் சாப்பாட்டுக்குப் பதில் முழுச் சாப்பாடு வாங்கித் தின்றுவிட்டு வந்தார். வந்தபோது கட்டு முழுக்கச் செம்மண். அந்தம்மா வெந்நீர் வைத்துக் கட்டை அவிழ்த்தார். பெரியபாளையத்து அம்மனுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக அன்றுதான் வேண்டிக்கொண்டார்.

அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடும் ஆள் இல்லை அவர். அடுத்த ஞாயிறு மேலே வந்து, "அந்தத் தொட்டுக்கச் சோற எனக்குக் கத்துக்குடு" என்றார்.

கற்றுக்கொடுத்தேன் என்று சொல்வதே அதிகம். நான் இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை அவர் என்னைத் திட்டினார். வீட்டுப் பொன்னி அரிசியிலேயே உதிரி உதிரியாகச் செய்துவிட்டார். கேரட்டும் பட்டாணியும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, செக்கச்செவேலென்று கடாயில் இறக்கினார். தட்டின் ஓரத்தில் பொரியல் வைக்கும் இடத்தில் ஒரு கரண்டி வைத்து, "இது மெக்சிகோ நாட்டு அயிட்டம். தொட்டுக்க வைக்கிறது" என்று டிரைவர் முன்னால் தள்ளிவிட்டு, காய்க் கூட்டை எடுத்துவர உள்ளே போனார்.

டிரைவர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஜோரா கீது. எங்க, சோத்தப் போடு."

கூட்டோடு திரும்பி வந்த அந்தம்மா, "இதான்யா சோறு" என்றார்.

"நீதான தொட்டுக்கன்னு சொன்ன? தொட்டுக்க வச்சிட்டு சோறு போடலன்னா எப்டி?"

தெருவுக்கே இந்தப் பாடத்தை எடுத்தவர் என்ன பதில் சொல்வார்? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் எழுந்து போய், அந்தம்மாவுக்காக வடித்திருந்த வெள்ளைச் சோற்றைத் தட்டு நிறையக் கொட்டிக்கொண்டு, சிவப்புச் சோற்றைத் தொட்டுக்கொண்டு வெள்ளைச் சோற்றைத் தின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் அவர் உலையே வைக்கவில்லை. சோறு இருந்தால்தானே கேட்பார் என்று நினைத்திருக்கிறார். அது இன்னும் மோசமாகப் போயிற்று என்று பிறகு அவரே சொன்னார். "சாவு ஊட்லதான்மே உலை வைக்கமாட்டாங்க. நான் செத்துட்டனா?" என்றார் டிரைவர். இந்தத் தடவை சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மறுபடி ஹைவேயைப் பார்த்து நொண்டிக்கொண்டு போனார். அந்தம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் எனக்காக உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, பொரியல் கம்மியா வச்சா யாருனா சண்டைக்கு வந்துகீறானா?"

"இல்லையேம்மா."

"சோறு கம்மின்னாதான் ரோசம். பொரியல் கம்மின்னா, தீந்துபோச்சுன்னு கை கழுவிகினு பூடுவான். கண்ணாலத்துலகூட பொரியல ஓரமா துளியூண்டுதான் வைக்கிறாங்க, எவன் கோச்சிகினு போனான்?"

"சரி, அதுக்கு?"

"நான் பண்ண தப்பு இன்னா தெரியுமா? ஓரத்துல வச்சேன், நடுவுல காலியா வுட்டுட்டேன். காலியா கீற எடத்தப் பாத்தா எவனும் சோறுதான் கேப்பான். நாளைக்கு நீ லீவு போடு. பக்கத்துல குந்து."

லீவு போட்டேன். கம்பெனியில் வயிற்றுவலி என்றேன், வேறென்ன சொல்வது?

மறுநாள் மத்தியானம் டிரைவர் முன்னால் பெரிய தட்டு வந்தது. வெந்த காராமணி, கோஸ், பீன்ஸ், முருங்கைக்கீரை எல்லாம் தண்ணீரில்லாமல் பிரட்டியது நடுவில் குன்றாக எழுந்தது. அந்தம்மா கரண்டியைத் திருப்பி உச்சியில் குழி பறித்தார். மடவை மீன் குழம்பை அந்தக் குழி நிரம்ப ஊற்றினார். பொரியல் மூலையில் ஒரே ஒரு கரண்டி சிவப்புச் சோறு. தட்டில் விரல் வைக்கக்கூட இடம் காலியில்லை.

"இன்னாமே இது?"

"சோறு."

"இது காயி."

"இந்த ஊட்ல இனிமே இதான் சோறு. அது தொட்டுக்க. பாப்பாவைக் கேளு, அந்த ஊர்ல அப்டித்தான். உன் வண்டி மெக்சிகோ பக்கம் போய்கீதுன்னு வச்சிக்க. அங்க போயி தட்டத் தள்ளுவியா நீ?"

டிரைவர் என் பக்கம் திரும்பினார். நான் மெக்சிகோவைக் கண்டேனா? ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அவர் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினார், புது ஊரில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவர் மாதிரி. அப்புறம் குழியை உடைத்துக் குழம்பைப் பிசைந்தார். சிவப்புச் சோற்றை விரல் நுனியில் எடுத்து எடுத்துத் தொட்டுக்கொண்டு தின்றார். ஓரம் காலியானதும், "இத்த இன்னும் கொஞ்சம் வையி" என்றார்.

"தொட்டுக்க அவ்ளோதான்யா. தீந்துபோச்சு. சோறு வேணும்னா கேளு." சொல்லிக்கொண்டே காயை அள்ளித் தட்டில் போட்டார். மறுபடி அள்ளினார். டிரைவர் கையைக் குறுக்கே நீட்டி, "போதும்" என்று சொல்லும்வரை போட்டார். சொன்ன பிறகும் ஒரு கரண்டி.

ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போனவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தம்மா என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் கையில்.

புண் ஒரே நாளில் ஆறிவிடவில்லை. இடையில் இரண்டு மூன்று தடவை ஹைவே ஓட்டலுக்குக் கால் தானாகப் போனதும் உண்டு. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் விரல் மூடிக்கொண்டது. பெரியபாளையத்துக்கு வெள்ளிக் காலை எடுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். உண்டியலில் போடுமுன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த டிரைவர், "கட்டவெரலு கொஞ்சம் சின்னதா பண்ணிகீறான்" என்றார். அந்தம்மா, "குறை சொல்லாத, பேஜாரு புடிச்ச மனுசா" என்று பிடுங்கிப் போட்டார்.

எனக்குக் கல்யாணமாகி முதல் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போனோம். மாப்பிள்ளைக்காக ஒரு பானை வெள்ளைச் சோறு, எறால் தொக்கு, நண்டு, வறுவல், எல்லாவற்றுக்கும் ஓரமாகச் சிவப்புச் சோறு. டிரைவரின் தட்டில் மட்டும் வழக்கம்போல நடுவில் காய்க் குன்று. என் கணவர் சிவப்புச் சோற்றைத் தின்றுவிட்டு, "இது எந்த ஊர்ச் சமையல்?" என்றார். "கும்மிடிப்பூண்டி" என்றார் டிரைவர், சற்றும் யோசிக்காமல்.

அந்தம்மா கடாயும் கையுமாக நின்றுகொண்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி, எனக்கு இன்னொரு கரண்டி என்று வைத்துக்கொண்டிருந்தார். தீர்ந்துபோகும் என்ற சட்டம் விருந்தாளிக்கு இல்லையே. டிரைவர் கடாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"நிறுத்துமே. ஊருக்கெல்லாம் வச்சிகினே கீற. உனுக்கு தொட்டுக்க இன்னா?"

கரண்டி அப்படியே நின்றது. அந்த வீட்டில் அந்தக் கேள்வியை வேறு யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அந்தம்மாவின் காதிலும் விழுந்ததில்லை போலிருக்கிறது. "எனுக்கா?" என்றார். "எனுக்கு கடாய்லயே..."

"கடாய அப்பறம் கழுவிக்கலாம். குந்து."

டிரைவர் எழுந்துபோய் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அந்தம்மா முன்னால் வைத்தார். கடாயில் மிச்சமிருந்த சிவப்புச் சோற்றை வழித்து ஓரத்தில் வைத்தார். பிறகு பானையை இழுத்து, நடுவில் வெள்ளைச் சோற்றைப் போடத் தொடங்கினார்.

"சோத்துக்கு சோறு தொட்டுக்கவாய்யா?" என்றார் அந்தம்மா.

"எனுக்குத்தான் சக்கர. உனுக்கு இன்னா? துன்னு."

போதும் என்று சொல்லும்வரை போட வேண்டும், அந்த வீட்டுச் சட்டம் அது. அந்தம்மாவுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. கையைக் குறுக்கே நீட்டத் தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் போட்டுக்கொண்டே இருந்தார்.